உள்ளங்கையில் மறைந்த புள்ளிகள்

“உங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட்டாச்சாம்மா?”

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆலோசகர் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. வயிற்றில் பிள்ளையோடு போனபோது கேட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோதும் கேட்டார். “போட்டாச்சுன்னு சொன்னாங்க” என்பேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். “சொன்னாங்களா, போட்டாங்களா?” என்பார். அங்கேதான் நான் நின்றுபோனேன். இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

நான் இப்போது சங்கரன்கோவிலில், என் அம்மா வீட்டில் இருக்கிறேன். பையன் வைகாசியில் பிறந்தான். இது ஆடி. ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்பதால் இந்த மாதம் முழுக்க நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி பிறந்தால் பிள்ளைக்கு மூன்றாம் மாதம். ஒற்றைப்படை மாதம், வளர்பிறை முகூர்த்தம். தொட்டில், வெள்ளிக் கொலுசு, சீர்ப் பாத்திரங்களோடு என்னைத் திருவேங்கடத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே சில நாள் இருந்துவிட்டுக் கோயம்புத்தூர் போக வேண்டும். அவர் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன ஆவணியில் கல்யாணமாகி நான் போன அதே வாடகை வீடு. ஒரு அறை, ஒரு கட்டில். அந்தக் கட்டிலை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கார்த்திகையில் மசக்கை வாந்தி தாங்காமல்தான் அம்மா வீட்டுக்கு வந்தேன். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுப்பதுபோல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸ், “அம்மா வெளிய இருக்கட்டும், நீங்க மட்டும் வாங்க” என்று ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார். அங்கே ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு, எனக்குச் சிபிலிஸ் இருக்கிறது என்று சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, “மேகநோய்” என்று தமிழிலும் சொன்னார்.

எனக்குப் புரிந்திருந்தது. நான் கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவள். ஆனாலும் முதலில் ரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். மாறவில்லை. பிறகு என்னையே சந்தேகப்பட்டேன். மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது எல்லாரும் போகும் கழிப்பறை, தோழியிடம் இரவல் வாங்கி உடுத்திய துணி, ரயிலில் தொட்ட கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஆலோசகரிடம் கேட்டும்விட்டேன்.

“கக்கூஸ்லயும் துணியிலயும் வராதும்மா” என்றார். “பயப்படாதீங்க. பெனிசிலின் ஊசி போட்டாப் போயிரும். சீக்கிரமே கண்டுபிடிச்சதால பிள்ளையவும் காப்பாத்திரலாம். ஆனா அவருக்கும் பாத்து, அவருக்கும் போடணும். இல்லன்னா உங்களுக்குத் திரும்ப வரும்.” பிறகு கேட்டார்: “அவருக்கு எப்பவாவது உள்ளங்கையில, உள்ளங்கால்ல புள்ளி வந்துதா? செம்புக் கலர்ல இருக்கும். பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது.”

நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே என் மாமியாரின் குரல் காதில் கேட்டது.

பெண் பார்க்க வந்த அன்று அத்தை எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே என் அம்மாவிடம் சொன்னது அது.

“எம் மகனுக்குத் தை மாசம் உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் பொட்டுப் பொட்டா வந்துட்டு மைனி. மெஸ் சாப்பாடு, போர் தண்ணி, உடம்புச் சூடு, வேற என்ன? நான் இங்கன வந்து அம்மன்கிட்ட நேர்ந்துக்கிட்டு, புத்துமண்ண வாங்கி, பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கே கொண்டு குடுத்தேன். தடவுனான். கொஞ்ச நாள்ல பூரா மறைஞ்சிட்டு. ஒரு தடம் கெடயாது. அப்பவே நெனச்சிட்டேன். எம் மகனுக்குப் பொண்ணு எடுத்தா அம்மன் ஊர்லதான் எடுக்கணும்னு.”

அம்மாவுக்குப் புல்லரித்துப்போனது. கையை நீட்டி எனக்குக் காட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஊர் ஊராகத் தேடாமல் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். தோல் வியாதிக்கும் விஷக்கடிக்கும் அதைக் குழைத்துப் போடுவார்கள். எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப்போவார்கள். சின்ன வயதில் எனக்கு வேனற்கட்டி வந்தால் அம்மா அதைத்தான் போடுவாள். அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளிடம் யாரும் பொய் சொல்லவும் இல்லை. அத்தைக்குத் தெரிந்ததைச் சொல்லி வேண்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். தெரிந்தவர்கள் மூலமாகத் திருவேங்கடத்திலும் கோயம்புத்தூரிலும் விசாரித்தார். குடிப்பானா, வேறு ஏதாவது பெண் சகவாசம் உண்டா, கோபக்காரனா? எல்லாரும் தங்கமான பையன் என்றார்கள். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கும். கேட்ட குற்றம் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

இதையெல்லாம் நான் ஆலோசகரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் புள்ளி தானா வரும், தானாப் போகும்மா. மண்ணு தடவுனாலும் போகும், பவுடர் போட்டாலும் போகும், ஒண்ணும் போடாட்டாலும் போகும். போனதுதான் மோசம். போகாம இருந்திருந்தா டாக்டர்ட்ட போயிருப்பாரு.”

என் வீட்டுக்காரர்மேல் எனக்கு வந்த கோபம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

“அவரக் கெட்டவர்னு நெனச்சிராதீங்க. நான் தினம் பாக்கேன். இருபது, இருபத்திரண்டு வயசுல வெளியூர் போறாங்க. ஒரு ரூம்ல நாலஞ்சு பேரு. சம்பள நாளு, பாட்டில் வாங்குறாங்க, கூட இருக்க ஒருத்தன் ‘வாலே’ம்பான். வரலன்னா கேலி. மெடிக்கல்ல போயி ஆணுறை கேக்க வெக்கம். பெறகு ஒரு புண்ணு வரும், வலிக்காது, ஆறிரும். யார்ட்டயும் சொல்ல மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்களும்தான் வருதுங்க. நான் ஒருத்தரத்தான நம்புனேன், எனக்கு ஏன் டெஸ்ட்டுன்னு இருந்த பிள்ளைங்க.”

ஒருத்தரை மட்டும் நம்பியவள் என்று அவர் சொன்னபோது நான் என் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு ஒன்றாக எனக்கு ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கல் வைத்துக் கட்டியதுபோல வலிக்கும். நொண்டி நொண்டி நடந்தேன். அம்மாவிடம் ரத்தத்தில் கிருமி என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு நாள் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“என்னட்டி இங்கன உக்காந்திருக்க?”

“சுகர் டெஸ்ட்டுக்கா.”

“அது அங்கனல்லா எடுக்காவ? இங்கன உக்காந்தா பாக்கவன் வேற மாதிரி நெனப்பான். எந்திரிச்சு வா.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னைச் சர்க்கரைப் பரிசோதனை வரிசையில் நிறுத்திவிட்டாள். அதோடு விட்டாளா? ஊசியால் குத்தும்வரை பக்கத்திலேயே நின்றாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. “நான் சொன்னேன்லா, ஒனக்கு ஒண்ணும் இருக்காது” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரரிடம் போனில்தான் சொன்னேன். நேரில் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது. வேலை இடைவேளையில் வெளியே வந்து பேசினார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. நான் நோயின் பெயரைச் சொன்னேன். 

“நீ மதுரையில ஹாஸ்டல்லதான இருந்த?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பெண்கள் ஹாஸ்டலில் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று நான் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஏன் விளக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பாதியில் அவருக்கு மணி அடித்துவிட்டது.

சில நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். “ஊசி போட்டாச்சு. இனி அதப் பேச வேண்டாம்.”

எனக்கு அழுகை வந்தது. நிம்மதி அழுகை. அந்தப் ‘போட்டாச்சு’ என்ற ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் இருந்தது. ஹாஸ்டல் கேள்விக்கு மன்னிப்பு இருந்தது, அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒப்புதலும் இருந்தது. பிறகு ஆலோசகர், “எங்க போட்டாரு? டெஸ்ட் எடுத்தாரா? சீட்டு இருக்கா?” என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“இங்க ஒரு கிளினிக்ல. சீட்டு வண்டி டிக்கில கெடந்துது, மழையில நனைஞ்சிட்டு.”

“எத்தன ஊசி?”

“ஏளா, நீ என்ன டாக்டரம்மாவா? பாஸா ஃபெயிலான்னு சொல்லு, போயி உக்காருதேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். ஆலோசகர் அவருக்கு நேராகவே போன் செய்தார். “வாரேன் மேடம்” என்றாராம். வரவில்லை.

அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாதத்தில் இரண்டு முறை வருவார். வரும்போது எனக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி, நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பிள்ளை பிறந்த பிறகு மூத்திரத் துணியை அவரே அலசிக் காயப்போட்டார். அம்மா பதறிப்போய்ப் பிடுங்கினாள். “எம் பிள்ள துணிதான அத்தை” என்றார். இப்படிப்பட்டவர் என்னிடம் பொய் சொல்வாரா? அவர் உண்மையாகவே போட்டிருந்தால், என் சந்தேகம் எவ்வளவு பெரிய பாவம்? போடாமல் இருந்தால், என் நம்பிக்கை எவ்வளவு பெரிய முட்டாள்தனம்? தராசின் இரண்டு தட்டிலும் நானேதான் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்குப் பிறந்ததும் ஒரு ஊசி போட்டார்கள். முதல் பரிசோதனையில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் திரும்ப ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிறகு பாதம். ஒரு நாள் இடது பாதத்தில் ஒரு சிவப்பு. அன்று முழுதும் அந்தப் பாதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாயங்காலம் என் காலிலும் அதேபோல ஒன்று இருப்பதைப் பார்த்தேன். கொசு.

அவர் வந்தால் முன்னறையில் படுப்பார். நான் அம்மாவோடும் பிள்ளையோடும் உள்ளறையில். பச்சை உடம்பு என்று அம்மா சொல்வாள். பிள்ளை பிறப்பதற்கு முன்பு, அலைச்சல் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நானே கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டேன். வழக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் கதவுபோல நின்றன. அந்தக் கதவுகளில் கடைசிக் கதவுதான் ஆடி.

ஆலோசகரிடம் ஆவணியைப் பற்றிச் சொன்னேன். “அவருக்குப் பாக்கிற வரைக்கும் உறை இல்லாம வேண்டாம்மா. கேட்டா, பிள்ளைக்கு எடைவெளி வேணும்னு சொல்லிக்கோங்க” என்றார். அது நல்ல யோசனைதான். ஆனால் பிரசவம் ஆனதும் எனக்குக் காப்பர்-டி வைத்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கும்போது அவரும் அத்தையும் பக்கத்திலேயே நின்றார்கள். “இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல” என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு அத்தை, “ஏன், மூணு வருசம் போதாதா?” என்றார். இனி இடைவெளி என்று நான் எந்த வாயால் சொல்வது?

அம்மாவுக்கு ஏதோ தெரிகிறது என்று எனக்குத் தெரியும். ஆடி பிறந்த வாரம், பூ கட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“மாப்பிள வந்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிடுத. என்னட்டி சங்கதி?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ரத்தத்துல கிருமின்னு ஊசி போட்டாவளே, அது போயிட்டுல்லா?”

“எனக்குப் போயிட்டும்மா.”

அம்மாவின் கை நின்றது. ‘எனக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டாம்.  பிறகு அடுத்த கண்ணியைக் கட்டினாள். “இத ஒங்க அப்பாட்ட சொல்லிராத. ஒங்க மாமியாருக்கும் தெரிய வேண்டாம்” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்னொரு கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டதுபோலவும் இருந்தது.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து தெரு கொஞ்சம் காலியான ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் அவரும் வந்தார்கள். பிள்ளையின் நெஞ்சில் வேர்க்குரு. அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, இத வச்சிக்கிட்டு ஏன் சும்மா இருக்க? அம்மன வீட்டுப் பக்கத்துலயே வச்சிருக்கிய. கெளம்பு.”

எல்லாரும் கோயிலுக்குப் போனோம். பிள்ளைக்கு அதுதான் முதல் கோயில். அம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுப் புற்றுமண் வாங்கினோம். அத்தை பிள்ளையின் நெற்றியில் வைத்தார். நெஞ்சில் லேசாகத் தடவினார். பிறகு ஒரு துளி எடுத்து அவன் வாய்க்குக் கொண்டுபோனார். நான் அவனைச் சட்டென்று தோளில் சாய்த்து, “இப்பத்தான் பால் குடிச்சான் அத்தை, கக்கிருவான்” என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாவும் அவர் மகனும் நின்றார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. பையனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். சென்னையில் வேலையாம். கையைப் பேண்ட் பாக்கெட்டை விட்டு எடுக்கவே இல்லை.

“கையக் காட்டு பாப்பம்” என்றார் அத்தை, முன்பின் தெரியாத பையனிடம்.

“வேண்டாம், இருக்கட்டும்.”

“அம்மன் சந்நிதியில என்னலே வெக்கம்? பொண்ணு பாக்கவா வந்திருக்க? காட்டு.”

அவன் அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். உள்ளங்கையை விரித்தார்.

ஆலோசகர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். செம்புக் காசைத் தேய்த்தால் வரும் நிறத்தில், சின்னச் சின்னதாக.  அது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் என் நெஞ்சு அப்படி நினைக்கவில்லை.

“இதேதான்!” என்றார் அத்தை. “அச்சு அசல் இதேதான் எம் மகனுக்கும் வந்துது. பயப்படாதிய. மண்ணக் கொழச்சுப் போடுங்க, தானாப் போயிரும். ஏலே, இங்கன வா. ஒன் கைய இந்த அம்மாட்ட காட்டு.”

அவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். வந்தார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது நீட்டுவோமே, அப்படி இரண்டு கையையும் நீட்டினார். சுத்தமான கை. மெஷினில் காய்த்த தடம் மட்டும்தான் இருந்தது.

“பாத்தியளா? ஒரு தடம் உண்டா?” என்றார் அத்தை. அந்த அம்மா அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அத்தையும் அந்த அம்மாவும் என் அம்மாவும் இன்னும் கொஞ்சம் மண் வாங்க உள்ளே போனார்கள். பிள்ளை சிணுங்கியதால் நான் தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பையனிடம் பேசியது என் காதில் விழுந்தது.

“தம்பி, மண்ணு தடவு, தப்பில்ல. ஆனா நாளைக்கே ஆஸ்பத்திரில ரத்தம் பாத்துரு.”

“எதுக்குண்ணே? அதான் தானாப் போயிரும்னு சொன்னாவளே?”

“போயிரும். அதுக்குத்தான் சொல்லுதேன். போறதுக்குள்ள பாத்துரு. அம்மாட்ட சொல்ல வேண்டாம். தள்ளிப் போடாத.”

 பையனின் கை மறுபடியும் பாக்கெட்டுக்குள் போனது.

எனக்கு அவர்மேல் அப்போது வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது? யாரோ ஒரு பிள்ளைக்காக அவர் வாய் திறந்தார். அடுத்த நிமிடமே அந்தப் பிரியத்துக்குள்ளிருந்து பயம் எழுந்தது. போய்ப் பார்த்துக்கொண்ட ஒருவர் சொல்லும் புத்தியா இது? இல்லை, போகாமல் விட்டுவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கும் ஒருவர் சொல்வதா? ‘நான் போனேன், எனக்குச் சரியாயிட்டு’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதுமே. ஏன் சொல்லவில்லை? அந்நியப் பையனிடம் அவ்வளவு தூரம் எதற்கு என்று விட்டிருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

வெளிப் பிராகாரத்தில் நாங்கள் இருவரும் முன்னால் நடந்தோம். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை என்று தோன்றியது.

“பிள்ளைக்கு மூணாம் மாசம் ரத்தம் எடுக்கணும். ஒரு நாள் லீவு போட்டு இருந்துட்டுப் போங்க. ரெண்டு பேரும் கூட்டிட்டுப் போவோம்” என்றேன்.

“சரி, பாப்போம்.”

“நீங்களும் அப்படியே குடுத்திரலாம். ஒண்ணாப் போயிரும். அந்தப் பையன்ட்ட சொன்னியள்லா…”

அவர் நின்றுவிட்டார். கோபம் இல்லை. அடிபட்ட முகம்.

“போட்டாச்சுன்னு நான்தான் சொன்னேன்லா. நம்பலயா?”

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. மண் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, என் அம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். என் கையில் இருந்த பிள்ளை தன் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“நம்புதேன்” என்றேன்.

அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆவணியில் நாள் பார்த்தார். முதல் முகூர்த்தமே நல்லது என்று முடிவானது. அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். “பிள்ளைக்கு ரத்தம் எடுக்கணும்னு சொல்லியிருக்காவ மைனி. அத முடிச்சிட்டு அனுப்புதோம்” என்றாள். அவளால் முடிந்தது அதுதான்.

“ரத்தம் எதுக்கு? அதான் மண்ணு வாங்கியாச்சே” என்றார் அத்தை.

 அவர் தேங்காய் பன்னைப் பிய்த்து எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார்.

இனி ஆடியில் மிச்சம் கொஞ்சம்தான். என்னிடம் வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வழியும் போய் ஒரு சுவரில் முட்டுகிறது. அப்பாவிடம் சொன்னால் பஞ்சாயத்து, பிறகு பிரிவு. அத்தையிடம் சொன்னால், அம்மன் குணமாக்கிய உடம்பைக் குறை சொல்கிறாயா என்பார், அடுத்து மதுரை ஹாஸ்டல் வரும். ரத்தம் பார்த்து முடிவைக் காட்டும்வரை வர மாட்டேன் என்று நான் சொன்னால், ‘நம்புதேன்’ என்று கோயிலில் வைத்துச் சொன்னேனே, அது என்ன ஆகும்? ஒன்றும் சொல்லாமல் போனால் எனக்குத் திரும்ப வரலாம். என்றாவது இந்தக் காப்பர்-டியை எடுத்துவிட்டு இன்னொரு பிள்ளை வந்தால், அதன் கையையும் ஜன்னல் பக்கம் விரித்துப் பார்க்க வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போல மாட்டிக்கொண்டு வெளியே வந்த பெண் யாராவது இருப்பீர்கள். அவரைப்போலப் பயந்து, பிறகு போய்ப் பரிசோதித்துக்கொண்ட ஆணும் இருக்கலாம். நோயைப் பற்றி எனக்கு விளக்க வேண்டாம். அதை ஆலோசகர் அம்மா சொல்லிவிட்டார். நம்புகிறேன் என்று ஒரு முறை சொல்லிவிட்ட பிறகு, அந்த மனிதரைக் காயப்படுத்தாமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல், திரும்ப எப்படிக் கேட்பது? உங்கள் வீட்டில் யார், எந்த நேரத்தில், என்ன வார்த்தை சொல்லி அந்த அறை வாசல்வரை கூட்டிப்போனீர்கள்? ஆண்களே, உங்களிடம் எப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள்?

தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆவணி பிறப்பதற்குள் எழுதினால் நல்லது.